கைமாறிய வண்டி, மாறாத பெயர்

திருப்பூரில் துணி சீட்டில்லாமல் நகராது. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, பிறகு கட்டிங்குக்கு என்று ஒரு லாட் பனியன் துணி பல வாசல்கள் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு வாசலிலும் டி.சி. எனும் டெலிவரி சலான் ஒன்று கிழிக்கப்படுகிறது. எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன டையா, என்ன கலர், எந்த லாட் என்று எழுதி, கீழே துணியை ஏற்றிப்போகும் வண்டியின் எண்ணையும் எழுதுகிறார்கள். ஒரு காப்பி துணியோடு போகிறது. ஒன்று புத்தகத்தில் நிற்கிறது. எடை போட்டு இறக்கிக்கொண்டதாகக் கையெழுத்து விழும்வரை அந்தத் துணி அனுப்பியவர் கணக்கில்தான் இருக்கிறது. வாங்குபவர் மாமனோ மச்சானோ ஆனாலும் டி.சி. உண்டு, அதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. ஆனால் அதே டி.சி.யில் எண் எழுதப்பட்ட சின்ன யானை என்ற மினி லாரியோ, கம்பெனிக்காரரின் காரோ, டெய்லர் ஓட்டிவரும் எக்ஸ்.எல். மொபெட்டோ விலைக்குப் போகும்போது பெரும்பாலும் நடப்பது வேறு. ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் காப்பி, இரண்டு சாவி, பெயரும் தேதியும் எழுதாத படிவங்களில் இரண்டு மூன்று கையெழுத்து, எண்ணி வாங்கிய பணம். பெயர் மாற்றம் வாங்குபவர் பாடு. பணம் வந்த நொடியில் விற்றவர் அந்த வண்டியை மறந்துவிடுகிறார்.

வண்டி அவரை மறப்பதில்லை. விற்பனைக்குப் பிறகும் சாலையில் அந்த வண்டி செய்யும் ஒவ்வொன்றுக்கும் சட்டம் தேடி வருவது பதிவேட்டில் பெயர் உள்ளவரைத்தான். ஆகவே பெயர் மாற்றம் வாங்குபவரின் வேலை என்ற ஊர்வழக்கு அடிப்படையிலேயே தவறு. அது முதலில் விற்பவரின் வேலை. ரசீதும் டெலிவரி நோட்டும் அவசியமானவை, ஆனால் அவை இரண்டு பேருக்கு இடையிலான பணத்தையும் பொறுப்பையும் மட்டுமே தீர்க்கின்றன. மூன்றாவது ஒருவர் அடிபட்டு விழும்போது பேசுவது பதிவேடுதான். இந்த வேறுபாடு புரியாததால்தான் கையில் ரசீது இருக்கிறதே என்று நம்பியவர்கள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயப் படியேறுகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், ஒரே விற்பனையை இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாகப் பார்ப்பது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்துக்கு வண்டியும் ஒரு சரக்கு. விற்கவும் வாங்கவும் இருவர் மனமொத்து, விலை பேசி, பொருளை ஒப்படைத்தால் உரிமை மாறிவிடும். நிலத்தைப் போலப் பத்திரப் பதிவு தேவையில்லை. அந்தக் கணக்குப்படி, சாவியை நீட்டிய நிமிடமே வண்டி வாங்கியவருடையது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கேள்வியோ வேறு: இந்த வண்டிக்குப் பொதுமக்களிடம் யார் பதில் சொல்வது? 1939-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் உரிமையாளர் யார் என்பதற்குப் பதிவை அளவுகோலாக வைத்த வரையறை இல்லை. 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த இன்றைய சட்டம்தான், யார் பெயரில் வண்டி பதிவாகி நிற்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2(30) பிரிவில் வரையறுத்தது. தவணைக் கொள்முதல், அடமானம், குத்தகை ஆகிய ஒப்பந்தங்களில் மட்டும் வண்டியைக் கையில் வைத்திருப்பவர் உரிமையாளர். பழைய வண்டியை ரொக்கத்துக்கு வாங்கி ஓட்டுபவர் அந்த விதிவிலக்கில் வரமாட்டார். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த வரையறை நடைமுறையில் இருந்தும் சந்தைப் பேச்சு இன்னும் 1930-இன் சட்டத்திலேயே நிற்கிறது.

உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று தந்த தீர்ப்பு இதற்குத் தெளிவான சான்று. அன்றைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வுக்காக நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதியது. 2009 மே மாதத்தில் பின்னோக்கி வந்த ஒரு மாருதி 800 கார் மோதியதில் ஒரு சிறுவன் இறந்துபோனான், உடன் நடந்துவந்த பெண் காயமடைந்தார். காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. பதிவேட்டில் பெயர் இருந்தவர் அந்தக் காரை 2007 ஜூலையிலேயே விற்றிருந்தார். வாங்கியவர் அடுத்தவருக்கு விற்க, அவர் இன்னொருவருக்கு விற்க, அவரும் தான் விற்றுவிட்டதாகச் சொன்னார். நான்கு கை மாறியும் பதிவேட்டில் ஒரு முறைகூடப் பெயர் மாறவில்லை. கீழே உயர் நீதிமன்றம், கடைசியாக வாங்கியவர்களைத்தான் தேட வேண்டும் என்ற திசையில் போயிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரிசையாக நடந்த, பதிவாகாத விற்பனைகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு அலையும் சுமையைப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மேல் ஏற்ற முடியாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன்பே வண்டியை விற்றவர் பொறுப்பாளி ஆனார்.

இது திடீரென்று வந்த கருத்து அல்ல. 2001-லும் 2011-லும் உச்ச நீதிமன்றம் இதையே வேறு வழக்குகளில் சொல்லியிருந்தது: பணமும் வண்டியும் கைமாறிவிட்டால் இருவருக்குள் விற்பனை முடிந்திருக்கலாம், ஆனால் மூன்றாம் நபருக்கான பொறுப்பு பெயர் மாறும்வரை பழையவரிடமே நிற்கும். 2018 டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு நூலிழை அளவு இடைவெளியையும் அடைத்தது. அந்த வழக்கில் கார் விற்கப்பட்டு ஒரு மாதம் முடிவதற்குள் விபத்து. பெயர் மாற்ற வாங்குபவருக்குச் சட்டம் 30 நாள் அவகாசம் தருகிறதே, அவகாசம் முடிவதற்குள் நடந்ததற்கு விற்றவர் எப்படிப் பொறுப்பாவார் என்பது வாதம். அவகாசம் என்பது விண்ணப்பிப்பதற்கான காலம்தான், அந்த நாட்களிலும் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என்று தீர்ப்பு வந்தது.

கேட்பவர்களுக்கு இது அநியாயமாகப் படும். வண்டியை ஓட்டவும் இல்லை, ஓட்டச் சொல்லவும் இல்லை, தடுக்கும் அதிகாரமும் இல்லை. அவரைப் பொறுப்பாக்குவது எந்த நியாயம் என்று சட்டம் படித்தவர்களே கேட்கிறார்கள். பொறுப்பு கட்டுப்பாட்டோடு போக வேண்டும் என்ற அந்த வாதத்துக்கு வலு இருக்கிறது, ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள். பல்லடம் சாலையில் ஷிப்டு முடிந்து நடந்துவரும் ஒருவர் மேல் வண்டி மோதுகிறது. அவர் கண்ணுக்குத் தெரிவது நம்பர் பிளேட் ஒன்றுதான். டிஎன் 39 வடக்கு, டிஎன் 42 தெற்கு, டிஎன் 78 தாராபுரம் என்று தொடங்கும் அந்த எண்ணைத் தவிர வண்டியைப் பற்றி அவரால் அறியக்கூடியது எதுவுமில்லை. அந்த எண் ஒரு பெயரைக் காட்டும் என்ற உறுதியில்தான் நாம் சாலையில் இறங்குகிறோம். விற்பனையைப் பதிவு செய்யாமல் விட்ட இருவரும், பதிவு செய்திருக்க முடிந்தவர்கள். அடிபட்டவருக்கு அந்த வாய்ப்பே இருந்ததில்லை. இழப்பு யாராவது ஒருவர் தலையில் விழுந்தே ஆக வேண்டுமென்றால், தடுத்திருக்கக்கூடியவர் தலையில் விழுவதே சரி. 2022 ஏப்ரல் 1 முதல் இது இன்னும் கனமாகியிருக்கிறது. திருத்தப்பட்ட 164-ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கோரலாம். அந்தப் பணத்தைத் தர வேண்டியவர் வண்டியின் உரிமையாளர் அல்லது இன்சூரன்ஸ் நிறுவனம்.

இன்சூரன்ஸ் இருக்கும்போது பயம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. பாதிவரை அது சரி. வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடும் அதனோடு சேர்ந்து வாங்கியவருக்கு மாறிவிட்டதாகவே 157-ஆம் பிரிவு கருதுகிறது. பாலிசி உயிரோடு இருக்கும்வரை பொதுவாக இழப்பீட்டை நிறுவனம் கட்டும், விற்றவர் கையிலிருந்து போகாது. ஆபத்து பாலிசி முடிகிற நாளில் தொடங்குகிறது. அந்த நாளுக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டியவர் வாங்கியவர். புதுப்பிக்காமல் விட்டால் பொறுப்பாவது விற்றவர். 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருடம், கார்களுக்கு மூன்று வருடம் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றாயிற்று. நல்ல ஏற்பாடுதான், ஆனால் இந்த ஊரில் அதற்கு ஒரு பின்விளைவு உண்டு. 2019-இல் வாங்கிய மொபெட்டை 2021-இல் விற்றவருக்கு 2024 வரை ஒரு சிக்கலும் வராது. அதற்குள் விற்றதே நினைவிலிருந்து போயிருக்கும், வாங்கியவரின் போன் எண் மாறியிருக்கும், வண்டி மூன்றாவது கைக்குப் போயிருக்கும். இரண்டாம், மூன்றாம் கைகளில் ஓடும் விலை குறைந்த வண்டிகளில் இன்சூரன்ஸ் போடுவது கடைசிச் செலவாகத் தள்ளிப்போவதை யாரும் அறிவார்கள். விற்றவரின் பாதுகாப்பு முழுவதும் முகம் தெரியாத ஒருவரின் ஒழுங்கைச் சார்ந்து நிற்கிறது.

அப்படியானால் டெலிவரி நோட்டு எதற்கு? கடைகளில் அச்சடித்து விற்கும் அந்தத் தாளை நிரப்பி ஒரு முறை வாசித்துப் பார்த்தால் தெரியும். வண்டி எண், மாடல் வருடம், எஞ்சின் எண், சேஸிஸ் எண். விற்பவர், வாங்குபவர் இருவரின் பெயர், தகப்பனார் பெயர், முகவரி. பிறகு அந்தத் தாளின் உயிரான வரி: இன்ன தேதி, இத்தனை மணிக்கு வண்டியை ஒப்படைத்தேன், இந்த நேரத்துக்கு முன் வரையிலான வரி, வழக்கு, அபராதம் என் பொறுப்பு, இதற்கு மேல் வருவதெல்லாம் வாங்குபவர் பொறுப்பு. கீழே இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. தேதி மட்டும் எழுதி மணியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மாலை நான்கு மணிக்கு விற்ற வண்டி அன்று காலை பத்து மணிக்கு ஏதாவது செய்திருந்தால், அல்லது இரவு எட்டு மணிக்குச் செய்தால், அந்த மணிதான் எல்லாம். அன்று வண்டியை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் பதில் சொல்லும் கடமை 133-ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு உண்டு. அப்போது இந்தத் தாள்தான் அவர் பதில். குற்ற வழக்கில் சந்தேகத்தை விலக்க அது உதவும். இழப்பீடு கட்டிய பிறகு, வாங்கியவர் மேல் வழக்குப் போட்டு அதைத் திரும்பக் கேட்கவும் உதவும். ஆனால் அடிபட்டவரிடம் அதை நீட்டி, நான் இல்லை, அவர் என்று சொல்ல முடியாது. வாங்கியவருக்குச் சொத்து இல்லையென்றால், திரும்பக் கேட்கும் உரிமையும் தாளில்தான் இருக்கும்.

இதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது படிவம் 29. அதை வெறும் விண்ணப்பம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது விற்பவர் கொடுக்கும் வாக்குமூலம். இன்ன இடத்தில் குடியிருக்கும் நான், இன்ன நாளில், இன்ன எண்ணும் சேஸிஸும் எஞ்சினும் கொண்ட என் வண்டியை, இன்னாரின் மகனான இன்னாருக்கு விற்று ஒப்படைத்தேன். பதிவுச் சான்றையும் இன்சூரன்ஸ் சான்றையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தவரை இந்த வண்டி மேல் வில்லங்கம் எதுவும் இல்லை என்று அது பேசுகிறது. விற்றதிலிருந்து 14 நாட்களுக்குள் இதைப் பதிவு அதிகாரிக்கு அனுப்பி, ஒரு நகலை வாங்கியவருக்கும் தர வேண்டும் என்று 50-ஆம் பிரிவு விற்பவருக்கே முதலில் கடமை விதிக்கிறது. வாங்குபவரின் 30 நாள் அதற்குப் பிறகுதான் வருகிறது. அவருக்கு உரியது படிவம் 30. அதாவது சட்டத்தின் வரிசையில் விற்பவர் முன்னால் நிற்கிறார், ஊர்வழக்கில் அவர் ஆளே இல்லை. பெயரும் நாளும் இல்லாத படிவம் 29-இல் கையெழுத்துப் போட்டுத் தருபவர், யாருக்கு விற்றேன், எப்போது விற்றேன் என்ற இரண்டையும் பின்னால் வரும் யாரோ ஒருவர் எழுதிக்கொள்ள விட்டுவிடுகிறார். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுத் தர எந்த பனியன் கம்பெனிக்காரரும் சம்மதிக்க மாட்டார். இது அதைவிட மோசம், ஏனென்றால் காசோலையில் போவது வங்கியில் இருக்கும் பணம் மட்டும்தான்.

வாங்குபவருக்கும் இதில் நிம்மதி இல்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது இது: 157-ஆம் பிரிவில் தானாக மாறுவது மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும், வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு, நிறுவனம் ஒப்புக்கொண்டு பெயர் மாற்றினால்தான் புதியவருக்கு வரும். ஆகவே காரை வாங்கிவிட்டு பாலிசியில் பெயரை மாற்றாதவர், கார் மரத்தில் மோதினாலோ திருடு போனாலோ தன் பெயரில் கேட்க உரிமையில்லாமல் நிற்கிறார். 2020 ஜூனில் வந்த ஒரு தீர்ப்பு இதன் மறுபக்கம். அதில் லாரியை முன்பே விற்றுவிட்டார் என்று சொல்லி நிறுவனம் பணம் தர மறுத்தது. பதிவேட்டில் பெயர் மாறாததால் பழையவரே உரிமையாளர், அவருக்குப் பணம் தர வேண்டும் என்றது நீதிமன்றம். இதைச் சிலர் பெயர் மாற்றாமல் இருப்பதற்கு ஆதரவாகக் காட்டுகிறார்கள். அந்தப் பணம் வாங்கியவர் கைக்குப் போக வேண்டுமானால் விற்றவர் கேட்க வேண்டும், வாங்கித் தர வேண்டும், உயிரோடும் இருக்க வேண்டும். விற்றவர் இறந்துவிட்டால் அவர் போட்டுத் தந்த கையெழுத்தைப் பயன்படுத்த முடியாது. வாரிசுகளைத் தேடிப் போய், அவர்கள் பெயருக்கு மாற்றி, அங்கிருந்து தன் பெயருக்கு மாற்ற வேண்டியிருக்கும். பைனான்ஸில் எடுத்த வண்டியென்றால் டியூ முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் இல்லாமல் எதுவும் நகராது; அடமானக் குறிப்பு ஆர்.சி.யில் இருக்கும்போதே முழுப் பணத்தையும் கொடுப்பவர் வண்டியை வாங்கவில்லை, வழக்கை வாங்குகிறார்.

பண ரசீது சுருக்கமான விஷயம், ஆனால் அங்கேதான் தெரிந்தே தவறு செய்கிறார்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீதில் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் படும்படி கையெழுத்திட வேண்டும். ஒட்டாவிட்டால் ரசீது செல்லாக்காசு என்று பயமுறுத்துவார்கள். ஆனால் ரசீது கொடுத்தவருக்கு எதிராக அதைக் காட்ட 1 ரூபாய் அபராதம் கட்டினால் போதும் என்று முத்திரைச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பெரிய சிக்கல் தொகையில். ஒரே விற்பனைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் 1 முதல் தடுத்திருக்கிறது. மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான், பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். இதைத் தாண்ட மூன்றரை லட்சம் காருக்கு ஒன்றேமுக்கால் லட்சம் என்று ரசீது எழுதுகிறார்கள். வண்டியில் வில்லங்கம் வெளிப்பட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில், எழுதியதற்கு மேல் கொடுத்ததை நிரூபிப்பது வண்டி வாங்கியவர் தலையில். கம்பெனி பெயரில் இருக்கும் காருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தனிநபர் தன் காரை விற்றால் ஜிஎஸ்டி இல்லை. பதிவு பெற்ற நிறுவனம் விற்றால் பில் போட வேண்டும். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய 55-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் முடிவின்படி, எல்லாப் பழைய வண்டிகளுக்கும் 18 சதவீதம், அதுவும் லாபத்தின் மேல் மட்டும். தேய்மானம் கழித்த மதிப்புக்குக் கீழே விற்றால் வரி இல்லை. ஆகவே பில் போடாமல் மறைப்பதில் மிச்சமாவது பெரும்பாலும் ஒன்றுமில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பெயர் மாறாமல் வண்டிகள் ஓடுவதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் நடத்துபவருக்கு வண்டி பத்து நாள் சரக்கு. அதைத் தன் பெயருக்கு மாற்றினால் ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடும், செகண்ட் ஓனர் வண்டி தேர்டு ஓனர் ஆகி விலை இறங்கும். அவர் பிழைப்பு வெற்றுப் படிவத்தைக் கேட்கிறது. இதை உணர்ந்துதான் மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அமலாக்கியது. பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து அதை இணையத்தில் தெரிவித்துவிட்டால், அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டி எங்கே ஓடியது என்பதற்கு அவர் பதிவேடு வைக்க வேண்டும். ஓனர் எண்ணிக்கை கூடாமலே பொறுப்பு மாறுகிறது. வியாபாரியிடம் விற்பவர் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்பதைத்தான்.

ஆனால் நேருக்கு நேர் விற்பவர்களுக்கு அந்த வழி இல்லை, இந்த ஊரில் அது பெரிய இடைவெளி. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ, தேனியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் தொழிலாளியின் ஆதாரில் இருப்பது சொந்த ஊர் முகவரி. பெயர் மாற்றத்துக்கோ அவர் வசிக்கும் இடத்தின் பதிவு அதிகாரியிடம் போக வேண்டும், முகவரிச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டில் இருப்பவருக்கு அது எளிதல்ல. பதினைந்தாயிரம் ரூபாய் வண்டிக்கு ஒரு நாள் கூலியை விட்டு, கட்டணமும் கட்டி, இரண்டு முறை அலைய வேண்டுமென்றால் தள்ளிப்போடத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லி ஒரு பயனும் இல்லை. அவர் தள்ளிப்போடுவார் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டியவர் விற்பவர். பெயர் மாறும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஆர்.சி. வந்ததும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சிலர் செய்கிறார்கள். தொழிலாளிக்கு அது சுமை இல்லை, ஆனால் மீதித் தொகை அவரிடமே நிற்பதால் விற்பவருக்குப் பிடி குறைவு. இருவரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு சாவியைக் கொடுப்பது அதைவிட நல்லது.

பதிவேடு பொய் சொல்வதன் விலை விபத்தோடு நிற்பதில்லை. 2022 அக்டோபர் 23 அதிகாலையில், இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு ஒரு மாருதி 800 வெடித்துச் சிதறியது. அந்தக் கார் பல பேரிடம் கைமாறி வந்தது. ஒவ்வொரு கையாகத் தடம் பிடித்துத்தான் போலீஸார் அது கடைசியாக யாரிடம் இருந்தது என்ற இடத்துக்கு வர முடிந்தது. அந்த வரிசையில் நடுவில் இருந்த ஒவ்வொருவரும், தான் யாரிடம் கொடுத்தேன் என்று காட்ட ஒரு தாளைத் தேடியிருப்பார். இருந்தவருக்கு ஓரிரு மணி நேர விசாரணை. இல்லாதவருக்கு எத்தனை நாள் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

மற்ற நாடுகள் இதை எப்படித் தீர்த்திருக்கின்றன என்பதில் நமக்கு வேண்டியது இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வண்டியை விற்றவர் ஐந்து நாளுக்குள் தானே மோட்டார் வாகனத் துறைக்கு விற்றதையும் பொறுப்பு நீங்கியதையும் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் பெயர் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், முறையாகத் தெரிவித்த விற்பனையாளருக்கு அதற்குப் பிந்தைய பார்க்கிங் அபராதமும் விபத்துப் பொறுப்பும் வருவதில்லை. பிரிட்டனில் பதிவுச் சான்றிலேயே இது உரிமைக்குச் சான்றல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள். வண்டியை வைத்திருப்பவர் யார் என்பதைத்தான் அது சொல்கிறது, விற்ற அன்றே பழையவர் இணையத்தில் தெரிவித்துப் பெயரை நீக்கிக்கொள்ளலாம். நம் சட்டம் விற்பவருக்கு 14 நாள் கடமையை விதித்துவிட்டு, அதைச் செய்தவருக்கு எந்த விடுதலையையும் எழுதிவைக்கவில்லை. ஒழுங்காகப் படிவம் 29 அனுப்பியவரும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டவரும் பதிவேட்டில் ஒன்றாகவே நிற்கிறார்கள்.

அறிவித்தவரை விடுவிக்கலாமே என்றால், விற்பவரின் ஒற்றை அறிவிப்பை ஏற்றால் மோசடி வரும் என்பது மறுப்பு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்காரர், விபத்து நடந்த மறுநாள் யாரோ ஒரு பெயரைப் போட்டு, போன மாதமே விற்றுவிட்டேன் என்று தப்பிக்கப் பார்ப்பார். அந்த அச்சம் நியாயமானது. பின்தேதியிட முடியாத அறிவிப்பாக அது இருந்தால் போதும்: அனுப்பிய நேரம் தானாகப் பதிவாக வேண்டும், வாங்குபவர் தன் ஆதார் ஓ.டி.பி. மூலம் வண்டியைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த நிமிடத்திலிருந்து பொறுப்பு மாற வேண்டும். பெயர் மாற்றக் கட்டணம், முகவரிச் சான்று எல்லாம் பிறகு வரட்டும். 2021 மார்ச்சில் ஆதார் சரிபார்ப்போடு வீட்டிலிருந்தே பெறக்கூடியதாக மத்திய அரசு அறிவித்த 18 சேவைகளில், உரிமை மாற்ற விண்ணப்பத்தோடு உரிமை மாற்ற அறிவிப்பும் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதில் விழும் ஓ.டி.பி.க்கு, சாயப்பட்டறை வாசலில் எடை போட்டு டி.சி.யில் இடும் கையெழுத்துக்கு உள்ள மதிப்பைச் சட்டம் தர வேண்டும். அது வரும்வரை, பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலை வாங்கி டெலிவரி நோட்டோடு சேர்த்துப் பின் அடித்து வைத்த பிறகே, விற்றவர் அந்த வண்டியைத் தன் கணக்கிலிருந்து கழிக்க முடியும்.